கை நீட்டிய சம்பந்திகள்

அன்று படிக்கட்டில் இருந்தவர்கள்: மாமனார், மாமியார், மருமகள், அவளைப் பார்க்க வந்த அப்பா, அம்மா, லிப்டைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாக மற்றவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம்.

மாமனார் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டபடி சம்பந்தியை வரவேற்றார். அது மரியாதை இல்லை என்று அவருக்குத் தெரியாதா? உள்ளங்கை இரண்டும் பரங்கிக்காய் நிறத்தில் இருந்தால் எப்படிக் கை கொடுப்பது?

போன தடவை சம்பந்தி வந்தபோதும் லிப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி. மூன்றாவதிலேயே மாமனாருக்கு இரைத்தது. "மெதுவா வாங்க சம்பந்தி, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி கடகடவென்று ஏறிப் போனார். பரிவாகத்தான் சொன்னார். அதுதான் மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளே மருந்துக் கடைக்குப் போனார்.

"உடம்புல ஃப்ரீ ராடிக்கல்ஸ்னு ஒரு நச்சு சேர்ந்திருக்கும் சார். அதான் தம் பத்தல" என்றார் கடைக்காரர்.

"ஃப்ரீயா வர்ற எதையும் எங்க குடும்பத்துல சேர்க்கிறதில்லப்பா. விரட்ட என்ன வழி?"

"ஆன்டி ஆக்ஸிடன்ட். கேரட் சத்து மாத்திரை. தினம் ஒண்ணு."

மாடிக்கு ஒன்றாகத் தினம் ஐந்து போட்டுக்கொண்டார். தம் வரவில்லை, கை மஞ்சளாயிற்று. விஷம் வெளியேறுகிறது என்று மகிழ்ந்து மாத்திரையைக் கூட்டினார். மஞ்சளும் கூடியது. நாரால் தேய்த்தார். கை செங்கல்லாயிற்று. தோட்டக் கையுறையோடு சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் அலறியடித்து டாக்டரிடம் இழுத்துப் போனார்.

"காமாலை இல்லம்மா, கேரட்!" என்று டாக்டர் சிரித்தார். "நிறுத்தினா தானா போயிடும். தம் வேணும்னா மாத்திரைய விட்டுட்டு தினம் படி ஏறச் சொல்லுங்க."

உயிருக்கு ஆபத்தில்லை என்றதும் நிம்மதி வந்தது. மறுநாள் சம்பந்தி வருகிறார் என்றதும் வந்த வழியே போயிற்று.

வந்த சம்பந்தியோ, கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என்ன திமிர்! இருவரும் விறைப்பாக ஏறினார்கள். நான்காவது மாடியில் மருமகள் வெடித்தாள்.

"எங்கப்பாவுக்கு ஒரு கை குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க மாமா?"

"உங்கப்பா மட்டும் குடுத்தாராம்மா?"

"வாசல்ல நிக்கிறவர்தானே முதல்ல குடுக்கணும்! அப்பா, இருங்க. பெட்டிய எடுத்துட்டு உங்களோடவே வந்துடறேன்."

மாமனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் குடும்பத்து ஆண்கள் கேலிக்கு ஆளானதுண்டு. மருமகள் ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு படியிறங்கியதில்லை. வருவது வரட்டும் என்று கையை உருவி நீட்டினார்.

சம்பந்தி அந்தக் கையை வெறித்துப் பார்த்தார். பிறகு சடாரென்று தன் கையையும் உருவினார்.

மாலைக்குள் கீழ்த்தளம் முழுக்க ஒரே பேச்சு. "சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் கை நீட்டிட்டாங்களாமே!"

மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார்.

"நீட்டினாங்க, அடிக்கல. போன தடவை ஓடி ஏறினதுல பொண்ணோட அப்பா ஒரு வாரம் படுத்துட்டாராம். அவரும் அதே மாத்திரைதான். யாரு கை ஜாஸ்தி மஞ்சள்னு ஒத்துப் பாத்தாங்க, அவ்வளவுதான்."