வேண்டாம் உபதேசியார்

ஆள் சேர்க்கச் சம்பளம் கொடுத்து வைத்தால், தானாக வந்த ஆளையும் திருப்பி அனுப்பிய உபதேசியார் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கண்டித் தமிழ்ச் சபைக்கு வாய்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி உடம்பு, முழங்காலைத் தொடும் கோட்டு. ஊரில் எல்லோருக்கும் அவர் 'வேண்டாம் உபதேசியார்'.

ஞானஸ்நானம் கேட்டு யார் வந்தாலும் முதலில் வேண்டாம் என்பார். குடிக்கிறவனிடம் குடியை விட வேண்டிவரும் என்பார். தம்பியோடு பேசாதவனிடம், முதலில் போய்ப் பேசிவிட்டு வா என்பார். அவன் கோபித்துக்கொண்டு போனால், மறுநாளே அவன் வீட்டு வாசலில் நிற்பார். சண்டை தீரும்வரை நகரமாட்டார். யாருக்காவது காய்ச்சலென்றால் தானே கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார். இன்னொரு தரம் அந்தக் கஞ்சியைக் குடிக்கப் பயந்தே பலர் சீக்கிரம் குணமானார்கள்.

நான் அப்போது கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். எனக்கும் ஞானஸ்நானம் வேண்டுமென்று அவரிடம் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முன்வாங்கில இருந்து பாட்டுப் படிக்கிற அந்தப் பிள்ளை கலியாணம் முடிச்சுப் போனாப் பிறகும் வருவீரோ?"

அவள் போனாள். நான் வந்துகொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார்.

இப்படி நடந்தால் சபை எப்படிப் பெருகும்? ஈஸ்டருக்குள் ஆள் கூடாவிட்டால் உபதேசியார் வேலையே இருக்காது என்று சம்பளம் கொடுக்கும் மிஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவர் வீட்டிலோ வரிசையாகப் பிள்ளைகள்.

அந்த நேரம் பார்த்துத் தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கங்காணி, காய்ச்சலில் கிடந்த தன் மனைவியை உபதேசியார் பார்த்துக்கொண்ட நன்றிக்காக, தன் கீழ் வேலை செய்யும் அத்தனை பேரையும் குடும்பத்தோடு ஈஸ்டரன்றே சபையில் சேர்க்கிறேன் என்றார். எங்கள் சபைப் போதகருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்கள் உட்காரப் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்குகளை இரவல் வாங்கிப் போட்டார். உபதேசியார் நேரே தோட்டத்துக்குப் போனார். கூடப் போனவன் நான்.

"கங்காணி, உங்களுக்குப் பயந்து வாற சனம் வேண்டாம். ஆர் விரும்புகினமோ அவை வரட்டும்."

"நாஞ் சொல்லி கேக்காத ஆளு இந்தத் தோட்டத்துல யாருங்க இருக்கா?"

"அதுதான் எனக்குக் கவலை."

கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈஸ்டரன்று இரவல் வாங்குகள் காலியாகக் கிடந்தன. உபதேசியாருக்கு வேலை போயிற்று.

முதலாளியின் கையைக் காலைப் பிடித்து எங்கள் கடையிலேயே அவரைச் சேர்த்துவிட்டேன். அங்கேயும் அதே கதைதான். சீத்தைத் துணி கேட்டு வந்த பெண்ணிடம், "வேண்டாம் பிள்ளை, இது சாயம் போகும்" என்றார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். சனிக்கிழமை கடை அடைத்ததும் மனுஷன் பஸ் பிடித்துத் தெல்தோட்டைக்குப் போய்விடுவார். கங்காணி பேசாவிட்டாலும் லயங்களில் குடியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் பேசின. படிக்கத் தெரியாதவர்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டிவிட்டு, வழக்கமான கஞ்சியும் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வருவார்.

மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காணி எங்கள் சபைக் கோயிலுக்குள் வந்தார். பின்னால் மனைவி. வேறு யாரும் இல்லை. போதகர் எழுந்து வரவேற்கப் போனார். கங்காணி அவரைத் தாண்டிக் கடைசி வாங்குக்கு வந்து உபதேசியார் முன் நின்றார்.

"ஆளுங்கள கூட்டியாரலைங்க. நாங்க ரெண்டு பேருதான் வந்திருக்கோம். வேணாம்னு சொல்லிறாதீங்க ஐயா."

உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

அதன்பிறகு தோட்டத்து ஆட்கள் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். அவர்களையும் அவர் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஆனால் வந்தவர்கள் நின்றார்கள். பள்ளிக்கூடத்து வாங்குகளைத் திருப்பிக் கொடுக்கவே முடியவில்லை.

மிஷன் அவரைத் திரும்பவும் வேலைக்குக் கூப்பிட்டது. முதலாளி வாசல்வரை வந்து சந்தோஷமாக வழியனுப்பினார். எனக்குத்தான் கடை வெறிச்சென்று போய்விட்டது.