வண்டி போகையில் ஊரே தலைகுனிந்திருந்தது

அளம்பில்,
முல்லைத்தீவு.
18.08.1999

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மைத்துனர் ஸ்ரீபன் அவர்களுக்கு, உமது அக்கா யூலிற்றாவின் கணவர் சந்தியாப்பிள்ளை எழுதிக்கொள்வது:

ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். கோழிகள் சுகம். பற்றறிகளில் மூன்று சுகம், ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அங்கே நீரும் மனைவி பிள்ளைகளும் லண்டன் குளிரில் விறைக்காமல் இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறோம்.

உமது கடிதம் வவுனியாவைத் தாண்டி, யார் யாருடைய சட்டைப் பையிலோ இருந்து கசங்கி, கடைசியில் கோயில் வாசலில் வைத்து என் கைக்கு வந்தது. நீர் அங்கே காப்புரிமைக் கந்தோரில், மின்சார வண்டியின் பற்றறிச் சக்தியை எப்படிப் பங்கிட்டுச் செலவழிப்பது என்கிற கண்டுபிடிப்புகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருப்பதை நான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஊர் நம்பவில்லை. “அப்பிடியும் ஒரு வேலை இருக்கோ அண்ணை?” என்று பக்கத்து வீட்டு வின்சன் கேட்டான். அப்படிப்பட்ட உமக்கு, நான் செய்த பற்றறி வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் அனுப்பினால், நீர் என் சுகம் விசாரிப்பதை விட்டுவிட்டு மூன்று ஆட்சேபம் எழுதி அனுப்பியிருக்கிறீர். கோபமில்லை. பரிசோதகர் என்றால் பரிசோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அக்காவின் புருசனைக் கொஞ்சம் மெதுவாகப் பரிசோதிக்கலாம்.

முதலில் விசயத்தின் பாரதூரத்தை விளங்கிக்கொள்ளும். என் வண்டியில் நாலு பற்றறி. நாலிலும் திடமானது உமது அக்காவுடையது. அது அவாவின் வானொலிக்கு இருந்தது. நீர் லண்டன் போன நாளில் இருந்து அவா மாலைதோறும் லண்டன் செய்தி கேட்கிறவா. செய்தி முடிந்த பிறகும், ஒருவேளை உம்மைப் பற்றி ஏதும் சொல்லுவார்களோ என்று கொஞ்ச நேரம் இரைச்சலையும் கேட்பா. அந்தப் பற்றறியை நான் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு “ஒரு கிழமைக்கு” என்று சொல்லி வாங்கினேன். அந்தக் கிழமை இன்னும் முடியவில்லை. உமது ஆட்சேபக் கடிதத்தை வாசித்துக் காட்டிய அன்று அவா குசினிக்குள் இருந்து வந்து, அகப்பையும் கையுமாக நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டா: “தம்பி இது புதுக் கண்டுபிடிப்பு எண்டு கையெழுத்து வைச்சு அனுப்பினால் பற்றறி வண்டியிலயே கிடக்கட்டும். இல்லையெண்டால் நத்தாருக்கு முதல் கழட்டித் தந்திடுங்கோ. செய்தி கேளாமல் எனக்கு விசர் பிடிக்குது.” அது போனால் வண்டி போச்சு. மற்ற மூன்றும் சேர்ந்து என்னை வீட்டுப் படலை வரைக்கும்கூட இழுக்காது. ஆகவே மைத்துனரே, என் வண்டியின் உயிர் உமது பேனை முனையில் கிடக்கிறது.

உமது முதலாவது ஆட்சேபம்: இதில் புதுமை எங்கே? சொல்லுகிறேன். எல்லோரும் பழைய பற்றறிகளை ஒன்றாகக் கட்டி ஓடவிடுவார்கள். அதில் ஒன்று நோஞ்சானாக இருந்தால் திடமானதையும் சேர்த்துக் கெடுத்துவிடும். நான் அப்படிச் செய்யவில்லை. நீர் சின்ன வயதில் கரைவலை இழுத்தது மறந்துவிட்டதா? கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு நடந்து போனவர், கடைசிக்குப் போனதும் கயிற்றை விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு தண்ணீர்க் கரைக்கு நடந்து வந்து மறுபடி பிடிப்பார். அந்த நடைதான் அவருக்கு இளைப்பாறல். வலை ஒரு நேரமும் நிற்காது, ஆட்களும் விழ மாட்டார்கள். அதையேதான் நான் பற்றறிக்குச் செய்தேன். ஒன்று களைத்தால், பழைய மொறிஸ் காரில் கழற்றிய, மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்டவுட் பெட்டி அதைக் கயிற்றில் இருந்து விடுவித்து மற்றதைப் பிடிக்க வைக்கும். களைத்தது சும்மா கிடந்து தெம்பு பெறும். ஸ்ராட்டர் மோட்டர் ஒரு ஒஸ்ரின் காருடையது, சங்கிலி சைக்கிளுடையது, மூளை என்னுடையது. நான் மின்மானி வாசிக்கும் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவன் என்பது உமக்குத் தெரியும். ஊரில் மின்சாரம் நின்ற பிறகும் மாதம் தவறாமல் வீடு வீடாகப் போய் மானியைப் பார்த்து “மாற்றமில்லை” என்று எழுதி வந்தவன். அவ்வளவு காலமும் ஓடாத மானியைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு யோசிக்க நேரம் இல்லாமலா இருந்திருக்கும்?

இரண்டாவது ஆட்சேபம்: இது இத்துறையில் தேர்ந்த ஒருவருக்குத் தானாகவே தோன்றக்கூடியது அல்லவா என்று கேட்டிருக்கிறீர். அப்படி ஒருவர் எங்கள் பகுதியில் இல்லை. இருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். இருந்தாலும் நீதி நியாயமாக நடக்க வேண்டும் என்று, அவருக்குப் பதிலாக வின்சனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் வண்டியைச் சுற்றி வந்து, தலையைச் சொறிந்து, “இதென்ன பெரிய விசயம் அண்ணை, சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே” என்றான். செய்கிறதுக்கு முதல் இதே வின்சன்தான் “இது உருளாது அண்ணை, வேணுமெண்டால் கோழிக்கூடா வைச்சிருங்கோ” என்று சொன்னவன்! உருளாது என்று சொன்ன வாயாலேயே தெரிந்த விசயம் என்கிறான், மச்சான்! அவனை நான் என்ன செய்ய? அவன் தேர்ந்தவன் அல்ல. அவனது சாட்சியம் செல்லாது என்று குறித்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் என் நித்திரையைக் கெடுத்தது. விண்ணப்பம் அனுப்பும் முன் இந்த வண்டியைப் பொதுமக்கள் எவரேனும் பார்த்தார்களா, பார்த்திருந்தால் புதுமை போய்விடும் என்று எழுதியிருந்தீர். இதை முதலே சொல்லியிருக்கக் கூடாதா? நான் எங்கே கண்டேன்? ஆசீர்வதிக்காத வள்ளத்தை எங்கள் கரையில் ஒருவரும் கடலில் இறக்குவதில்லை. ஆசீர்வதிக்காத கண்டுபிடிப்பை லண்டனுக்கு அனுப்பலாமா? ஆகவே பூசை முடிந்ததும் வண்டியைக் கோயில் முற்றத்தில் நிறுத்தி, சுவாமியாரைக் கொண்டு தீர்த்தம் தெளிப்பித்தேன். பூசைக்கு வந்த சனம் முழுக்க நின்றது உண்மைதான். ஆனால் செபம் சொல்லும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். மூடாதவர்கள் கள்ளக் கிறிஸ்தவர்கள், அவர்களைச் சட்டம் கணக்கில் எடுக்காது என்று நம்புகிறேன்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. வண்டிக்குச் சத்தம் இல்லை. சத்தம் இல்லாத வண்டியை நீர் ஓட்டியிருக்கிறீரா? மாடு விலகாது, நாய் எழும்பாது, வின்சனின் மனைவி நடு வீதியில் காயப்போட்ட கருவாட்டை எடுக்க மாட்டாள். அதனால் சுவாமியாரிடம் கெஞ்சிப் பீடத்தில் அடிக்கும் கைமணியை வாங்கி முன்னுக்குக் கட்டினேன். மணியை அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பினால், சனம் என்னவென்று நினைத்தது தெரியுமா? சாகக் கிடக்கிற யாருக்கோ சுவாமியார் நற்கருணை கொண்டு போகிறார் என்று நினைத்து, வேலிக்கு வேலி முழங்காலில் இருந்துவிட்டார்கள்! மீன் வெட்டினவள் கத்தியோடு முழங்காலில், சவரம் செய்தவர் பாதி நுரையோடு முழங்காலில், எல்லோரும் தலையைக் குனிந்து நெஞ்சில் அடித்துக்கொள்ள, நான் நடுவால் கால்சட்டையோடு போகிறேன். நிற்பாட்டி “நான்தான்” என்று சொல்லவும் வெட்கம், மணியை விடவும் பயம். அடுத்த நாள் “ஆருக்குக் கடுமை, ஆர் சாகக் கிடக்கினம்?” என்று ஊர் முழுக்க விசாரணை. சுவாமியார் மணியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் மைத்துனரே, இதில் ஒரு நன்மையைக் கவனியும். வண்டி போகையில் ஊரே தலைகுனிந்திருந்தது. தலை குனிந்தவர் எப்படி வண்டியைப் பார்த்திருக்க முடியும்? இதை உமது சட்டப் புத்தகத்தில் தேடிப் பாரும், கட்டாயம் இருக்கும்.

அந்தோனியார் திருநாளையும் மறைக்கவில்லை. உழவு மிசினுக்கு டீசல் இல்லாததால் சொரூபத்தை என் வண்டியில்தான் ஏற்றினார்கள். முன்னும் பின்னும் ஊர்ச் சனம். ஆனால் எல்லோரும் பார்த்தது அந்தோனியாரை, வண்டியை அல்ல. வண்டிக்கு மேல் வெள்ளைச் சீலையும் போர்த்தியிருந்தது. வின்சனின் வீட்டு வாசலில் ஒரு வயர் கழன்று வண்டி நின்றுவிட்டது. நான் வயர் என்று சொல்ல முன்னமே சனம் புதுமை, அற்புதம் என்று சொல்லிவிட்டது. அந்தோனியார் வின்சனின் வீட்டில் தங்க ஆசைப்படுகிறாராம்! வின்சனின் மனைவி அழுதுகொண்டே ஊர் முழுக்கத் தேத்தண்ணி ஊற்றினாள். வின்சன் மட்டும் வண்டிக்கு அடியில் புகுந்து நெடுநேரம் கிடந்தான். செபிக்கிறான் என்று நினைத்து நானும் குழப்பவில்லை.

இறக்கத்தில் மோட்டர் பற்றறிக்குச் சக்தியைத் திருப்பிக் கொடுக்குமா என்றும் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தீர். எங்கள் ஊரில் இறக்கம் என்று ஒன்று இல்லை. அதற்காகக் குளக்கட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் மேலே இருந்து விட்டுப் பார்த்தேன். சக்தி திரும்பி வந்ததோ தெரியாது, நான் திரும்பி வரப் பொழுது பட்டுவிட்டது. வண்டி நேரே எருமை கிடந்த மடுவுக்குள் போனது. எருமைகள் நன்றாகப் பார்த்தன. எருமை பொதுமக்களில் சேருமோ சேராதோ என்று விசாரித்து எழுதவும்.

ஆகவே ஐயா, மைத்துனரே, தம்பி ஸ்ரீபன்! ஒருவரும் பார்க்கவில்லை. சத்தியமாக ஒருவரும் பார்க்கவில்லை. கையெழுத்தை வைத்து அனுப்பும். உமது அக்கா இப்போதெல்லாம் மாலையானதும் பற்றறி இல்லாத வானொலிக்கு முன்னால் கதிரையைப் போட்டுச் சும்மா இருக்கிறா. நான் கண்டும் காணாதது மாதிரி வண்டியைத் துடைக்கிறேன். அவாவைப் பார்க்க எனக்கு ஏலாமல் கிடக்கிறது. ஆனால் வண்டியைக் கழற்றவும் மனம் வரவில்லை. இளைப்பாறிய பிறகு என்னை யாராவது கூப்பிட்டு ஒன்று கேட்டது இந்த வண்டி வந்த பிறகுதான்.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர். பரலோக மாதா உமது கண்ணுக்குத் தெளிவையும், பேனைக்கு மையையும், ஆட்சேபங்களுக்குக் குறைவையும் தந்தருள்வாராக.

இப்படிக்கு,
உமது ஆட்சேபத்துக்குரிய அத்தான்,
ம. சந்தியாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இதைத் தபாலில் சேர்க்க வண்டியில் போனேன். வழியில் களைத்து நின்றுவிட்டது. இறங்கித் தள்ளும்போது முன்னால் கைமணிச் சத்தம். சுவாமியார் யாருக்கோ நற்கருணை கொண்டு போகிறார் என்று நானும் பட்டென்று முழங்காலில் இருந்து, தலையைக் குனிந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அப்படிக் குனிந்தபடியே கண்டேன்: என் வண்டியின் சங்கிலி, என் வண்டியின் கட்டவுட் பெட்டி, மேலே வின்சனின் கால்! திருநாளில் என் வண்டிக்கு அடியில் கிடந்து பார்த்ததை அப்படியே தனக்கும் ஒன்று செய்து வைத்திருக்கிறான். தலை குனிந்தால் எல்லாம் இன்னும் வடிவாகத் தெரிகிறது மச்சான். மணியைச் சுவாமியாரிடம் நாட்டுக்கூத்துக்கு என்று சொல்லி வாங்கினானாம்.

பிடித்து நிறுத்திச் சட்டம் பேசினேன். அவன் சிரித்துக்கொண்டு பெட்டியைத் திறந்து காட்டினான். மூன்றே மூன்று பற்றறி. அதுவும் என்னுடையதைவிடக் கிழடு. “எப்பிடியடா ஓடுது?” என்றேன். “நான் வழியில காணுற ஆளோடயெல்லாம் நிண்டு கதைக்கிறனான் அண்ணை. கதைச்சு முடியிறதுக்குள்ள மூண்டும் தெம்பாயிடும். நீங்கள் நிக்காமல் ஓட்டுறீங்கள், அதுதான் பிழை” என்றான். அந்த இடத்திலேயே அக்காவின் பற்றறியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மிச்சம் மூன்றோடு, கண்ட ஆளோடெல்லாம் நின்று கதைத்துக் கதைத்து வீடு வந்து சேர்ந்தேன். கதைக்கு யாரிடம் போய்க் காப்புரிமை கேட்பது?

காப்புரிமை கிடைத்தால் வேறு ஒருவரும் அதைச் செய்யக் கூடாது என்று நீர்தான் எழுதியிருந்தீர். அப்படியென்றால் வின்சன் தன் வண்டியை நிற்பாட்ட வேண்டும். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று வீட்டில் செய்கிறார்கள். நத்தாருக்கு எல்லா வண்டியையும் சேர்த்து ஆசீர்வதிக்கப் போகிறார்கள், பிரதம விருந்தினர் நான். ஆகவே தயவுசெய்து என் விண்ணப்பத்தை நிராகரியும். நன்றாக, உரத்து நிராகரியும். ஊரே பார்த்துவிட்டது என்று எழுதும். சாட்சிக்குத் திருநாளில் எடுத்த படத்தை இத்துடன் வைக்கிறேன். தலை குனியாமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களை எண்ணிப் பாரும்.

அக்கா இப்போது வானொலிக்கு முன்னால் இருக்கிறா. செய்தி முடிந்துவிட்டது. இன்றும் உமது பெயர் சொல்லவில்லை. அவா இன்னும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிறா. நானும் பக்கத்தில் கதிரையைப் போட்டிருக்கிறேன்.