அம்பு ஒட்டுகிறவர்

உறவுகளுக்குப் பெயர் வைக்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் போன் பண்ணாமல் இருந்தால் ‘மௌனத் தண்டனை’ என்பார்கள். ஒரே நாளில் இரண்டு தடவை பண்ணினால் ‘எல்லை மீறல்’. சரி, வம்பே வேண்டாம், தினம் ஒரே ஒரு தடவை பண்ணுவோம் என்று ஒழுங்காக நடந்துகொண்டால் ‘அளந்து பழகுகிற ஆள்’. முன்பெல்லாம் மனிதர்களுக்குக் கோபம் வந்தால் திட்டினார்கள், கோபம் தணிந்ததும் சேர்ந்து டீ குடித்தார்கள். இந்த இனத்துக்குக் கோபம் வருவதில்லை. பெயர்தான் வரும்.

செக்கிங் சாரை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறவர். தெருவில்கூட அவருக்கு அதுதான் பெயர். எதிரே நீள மேஜை, தலைக்கு மேலே டியூப்லைட், கையில் ஒரு சுருள் ஸ்டிக்கர். ஒவ்வொன்றும் விரல்நகம் அளவுக்குச் சிவப்பு அம்பு. சட்டையை விரிப்பார், காலரில் ஆரம்பித்துக் கைமடிப்பு, தோள், பை, ஓரத்தையல் என்று விரலை ஓட்டுவார், எங்காவது நூல் தூக்கிக்கொண்டிருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பை ஒட்டுவார். அம்பு விழுந்த சட்டை சரிசெய்யப் போகும், சரியாகித் திரும்பி வரும். குறையே இல்லாத சட்டைக்கு? ஒன்றும் கிடையாது. அது பேசாமல் அடுத்த மேஜைக்குப் போய்விடும். எந்தச் சட்டையைப் பார்த்தும் அவர் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னதில்லை. அதற்கு அவரை வேலைக்கு வைக்கவும் இல்லை.

இப்படி நிம்மதியாக இருந்த மனிதரைக் கெடுத்தது ஒரு பயிற்சி வகுப்பு. நிர்வாகத்துக்கு என்ன தோன்றியதோ, ஒரு மதியம் எல்லோரையும் உட்காரவைத்து ‘ஆரோக்கியமான உறவுகள்’ பற்றிப் பாடம் நடத்தினார்கள். வந்த அம்மாள் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இடது பக்கம் நல்ல உறவின் குணங்கள் பன்னிரண்டு. வலது பக்கம் கெட்ட உறவின் குணங்கள் பன்னிரண்டு. நடுவில் ஒரு கோடு. செக்கிங் சார் வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கோட்டின் மேலேயே பிசகாமல் வெட்டினார். வலது பாதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இடது பாதியைச் சமையல் மேடையில் போட்டார்.

“இது என்னங்க?” என்று மனைவி கேட்டார்.

“அதெல்லாம் பாஸ் ஆனது. நமக்கு வேணாம்.”

தொழிற்சாலையில் குறைகளுக்கு மட்டும்தானே பட்டியல் உண்டு? சரியாக இருப்பதற்கு யாராவது பட்டியல் போடுவார்களா? அவர் செய்ததில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையிலிருந்து வேட்டை ஆரம்பமானது. ஏழு நிமிடம் முன்னால் ஓடும் சுவர்க் கடிகாரம் ‘பதற்றப்படுத்தி ஆளுகிறது’. உறுமிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று அடங்கிப்போகும் குளிர்சாதனப் பெட்டி ‘மௌனத்தால் தண்டிக்கிறது’. மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கும் நாய் அவரைப் பார்த்தால் வாலாட்டும், அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்தாலும் அதேபோல் ஆட்டும். ‘பொய்யான நெருக்கம்.’ மூன்றுக்கும் அம்பு ஒட்டினார். நாய் தன்னுடையதைத் தின்றுவிட்டது.

முடிவெட்டும் கடையில், “எப்படி சார் வெட்டணும்?” என்று கேட்டுவிட்டு, வழக்கம்போலத் தன் இஷ்டத்துக்கு வெட்ட ஆரம்பித்தார் கடைக்காரர்.

“இது எல்லை மீறல்” என்றார் சார், கண்ணாடியைப் பார்த்து.

“காது பக்கமா சார்?”

“நமக்குள்ள இருக்கிற உறவுல.”

கடைக்காரர் கத்தரியை அப்படியே வைத்துவிட்டார். பத்து வருடப் பழக்கம் பாதித் தலையோடு நின்றது. மீதிப் பாதியைச் சார் வீட்டுக்கு வந்து தானே வெட்டிக்கொண்டார். அந்த லட்சணத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

அடுத்து மனைவி. அந்த அம்மாள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவர். கன்னம் வீங்கி வருகிறவர்களிடமெல்லாம் நாள் முழுக்க, “கொஞ்சம் உக்காருங்க, கூப்பிடுவாங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவர். பொறுமையில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

“டீ போடட்டுமா?”

சார் தாளை எடுத்துப் பார்த்தார். “போடுன்னு சொன்னா அதீதச் சார்பு. வேணாம்னா புறக்கணிப்பு. நீ கேட்டதே என்னை முடிவெடுக்க வற்புறுத்தறது.”

“குடிச்சுட்டு யோசிங்க.”

“இது கட்டுப்படுத்தும் போக்கு.”

அம்மாள் தோளைக் குலுக்கிவிட்டு அடுப்பை நோக்கிப் போனார். அந்தத் தோள்குலுக்கலைச் சார் குறித்துக்கொண்டார். தாளில் ஏழாவது: ‘அலட்சியம்.’

மறுநாள் காலை அந்த அம்மாள் அவசர அவசரமாக வேலைக்குக் கிளம்பியபோது, கதவருகே வைத்து, தோளில் தூசு தட்டுவதுபோல் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டார். அது பஸ்ஸில் போனது, ஆஸ்பத்திரிக்குப் போனது, பதினெட்டு நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது. பத்தொன்பதாவதாக வந்த பெரியவர், “ஏம்மா, இங்கதான் வலிக்குதா?” என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. டாக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அம்மாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து ஒரு சின்னப் பையில் நான்கு துணிகளை அடுக்கினார்.

“நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.”

“எப்ப வருவ?”

“குறை இருக்குன்னு ஒட்டிட்டீங்கல்ல? சரியானா வரேன்.”

சாருக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றே பட்டது. அம்பு ஒட்டினால் போகத்தானே வேண்டும்? இரண்டு நாளில் சரியாகித் திரும்பிவிடுவாள். இரண்டு நாள் ஆனது. நான்கு ஆனது. ஆறாம் நாள் டீயைத் தானே போட்டு, தானே கேட்டு, தானே பதில் சொல்லிக் குடித்தபோதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. சரிசெய்ய முடியாத சட்டைகள் திரும்பி வராது. மூட்டையாகக் கட்டி வேறு வாசல் வழியாக வெளியே அனுப்பிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அதைப் பார்த்தவருக்கு, அந்த வாசலை நினைக்கவே பயமாக இருந்தது.

போனை எடுத்தார். ‘நீ இல்லாமல்’ என்று எழுதினார். அடுத்த வார்த்தைக்குத் தாளைப் பார்த்தார். உணர்வுச் சுரண்டல், பழி மாற்றுதல், அலட்சியம், சந்தேகம். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஒரு மனிதன் தன் பெண்டாட்டியைத் திரும்பக் கூப்பிடுவதற்கு உதவாத வார்த்தைகளையா இத்தனை நாள் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தோம் என்று அழுகையே வந்துவிட்டது.

இடது பாதியைத் தேட ஆரம்பித்தார். மேடையில் இல்லை, குப்பையில் இல்லை, கட்டிலுக்குக் கீழே இல்லை. ஸ்டிக்கர் சுருளைத் தரையில் வைத்துவிட்டு, அதை மறந்து அதன் மேலேயே மல்லாந்து படுத்து மேஜைக்கு அடியில் துழாவினார். கடைசியில் டீத்தூள் அலமாரியின் கதவுக்கு உட்புறம் கிடைத்தது. ஆறு நாளாகத் திறந்து மூடிய கதவுதான். அதில் குறை ஒன்றும் இல்லாததால் அவர் பார்க்கவில்லை. நல்ல குணங்கள் பன்னிரண்டுக்கும் பக்கத்தில் மனைவி பென்சிலால் எழுதியிருந்தார்.

‘காது கொடுத்துக் கேட்பது: என் ஆஸ்பத்திரிக் கதையைத் தினமும் கேட்கிறார். பாதியில் தூங்கிவிடுகிறார். பரவாயில்லை.’

‘கஷ்டத்தில் உடனிருப்பது: எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஒன்பது ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.’

‘சேர்ந்து சிரிப்பது: தூக்கத்தில் அலாரத்துக்கு எழுந்து நின்று “குட்மார்னிங் சார்” சொன்ன நாள்.’

இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவதுக்கு, ‘தவறை ஒப்புக்கொள்வது’ என்பதற்கு எதிரே, ஒன்றும் எழுதவில்லை.

நான்கு தெரு தள்ளி மச்சினி வீடு. கதவைத் திறந்த மச்சினி அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள். “அக்கா, அத்தான் வந்திருக்காரு. கையில ஸ்டிக்கர் இல்ல, பாத்துட்டேன்.”

மனைவி வந்து நின்றார். சார் இருமினார். மறுபடி இருமினார்.

“நான் தப்புப் பண்ணிட்டேன்.”

“இதுக்கு உங்க தாள்ல என்ன பேரு?”

“என் தாள்ல இல்ல. நீ எழுதி வச்ச தாள்ல இருக்கு. கடைசி.”

அம்மாள் அவரைப் பார்த்தார். பாதியை அவரே வெட்டிக்கொண்ட தலையையும் பார்த்தார். பிறகு பையை எடுக்க உள்ளே போனார்.

திரும்பி வரும்போது சார் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் வந்த மனைவி அப்போதுதான் கவனித்தார்: அவர் முதுகில் பதினைந்து இருபது சிவப்பு அம்புகள், ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தன. எடுத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார். நான்கு தெருவும் பார்த்தது. முடிவெட்டும் கடைக்காரர் வாசலுக்கே வந்து பார்த்தார். நாய் வாலை ஆட்டியது.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஓர் ஆள் ஞாபகம் வந்திருக்குமே? ‘அட, அப்படியே நம்ம சகலை’ என்றோ, ‘எங்க ஆபீஸ் மேனேஜரேதான்’ என்றோ சிரித்திருப்பீர்களே? பெயர் வைத்துவிட்டீர்கள், பார்த்தீர்களா! அவருக்கு ஒரு கட்டுரை அளவுக்கு அம்பு ஒட்டிய என்னை விடுங்கள், நான் தேறாத கேஸ். வெளியே கிளம்புமுன் நீங்கள் எதற்கும் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லையே” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னால், சட்டையைக் கழற்றிப் பாருங்கள்.