பட்டு போர்த்திய பட்டடையும் எருமைக்கணக்கு ராவுத்தரும்

ஒரு பட்டடைக்குப் பட்டு வேட்டி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, அதன் பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது என்று உத்தரவும் போட்ட மனிதன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். பட்டடை என்பது கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கிற இரும்புக் கட்டை, வேறொன்றுமில்லை. வேட்டி என் கல்யாண வேட்டி. இந்த அவமானத்தை நானே எழுதக் காரணம், எருமைக்கணக்கு ராவுத்தரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு வழி இல்லை என்பதுதான்.

ராவுத்தரால் விலை சொல்ல முடியாத பொருள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இருந்ததில்லை; இனி உண்டாகப் போவதுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் பழைய இரும்பு, பித்தளைக் கடை வைத்திருந்தார். எதைக் கொண்டுபோனாலும் முதலில் விரல் முட்டியால் தட்டுவார். காதைக் கொடுப்பார். கண்ணை மூடுவார். பிறகு எருமையில் விலை சொல்வார். ரூபாய் சர்க்கார் இஷ்டத்துக்கு மாறும், எருமை மாறாது என்பது அவர் கட்சி. அதிலும் கூமாப்பட்டி எருமைதான் கணக்கு. மற்ற ஊர் எருமைகளை அவர் ஆட்டோடு சேர்த்துவிட்டார்.

"இந்த அண்டா என்ன பெறும், ராவுத்தரய்யா?"

"முக்கால் எருமை. ஈயம் பூசிக் கொண்டா, ஒண்ணாக்கிருவோம்."

நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த வக்கீல் ஒருமுறை வேடிக்கையாகத் தன்னையே மதிப்புப் போடச் சொன்னார். ராவுத்தர் மேலும் கீழும் பார்த்தார். தட்டவில்லை, மரியாதை தெரிந்தவர். "கோர்ட்டுல வாயத் தொறந்தா ரெண்டு எருமை. தொறக்கலைன்னா கோட்டுக்கு மட்டும் ஒரு கன்னுக்குட்டி போட்டுக்கிடலாம்" என்றார். அன்று பார்த்து வக்கீலுக்கு இருந்ததெல்லாம் வாய்தா வழக்குகள். சாயங்காலம் வரை அவர் முகம் கன்றுக்குட்டி மாதிரியே இருந்தது.

ராவுத்தர் தம் வீட்டுக்குள் மட்டும் விலை சொல்வதில்லை. ஒருமுறை மனைவி பீவியின் சமையலுக்குச் சொல்லிவிட்டு, கொஞ்ச காலம் கடையிலேயே பொங்கித் தின்றார் என்று கேள்வி.

என் தகப்பனார் ராஜபாளையத்தில் கொல்லர். வாலிபத்தில் மலை தாண்டித் திருவாங்கூரில் வேலை பார்த்தவர். சாகும்போது, "வீடும் துருத்தியும் பெரியவனுக்கு, பட்டடை சின்னவனுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். சுத்தியலைத் தொட்டால் கட்டைவிரலை நசுக்கிக்கொள்கிற எனக்குப் பட்டடை எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. அண்ணன்தான் அதில் வேலை செய்துவந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தேன். மதினி புளி போட்டுத் தேய்த்ததில் பட்டடையின் விலாவில் எழுத்துத் தெரிந்தது: 1 0 21. எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் அந்தக் காலத்தில் கொல்லம் ஆண்டுதான் எழுதுவோம். அப்போது ஆயிரத்து எழுபதுகள் நடந்துகொண்டிருந்தன. தினமும் பத்திரம் புரட்டிய கண் சும்மா இருக்குமா? ஆயிரத்து இருபத்தொன்று! அப்பா திருவாங்கூரில் இருந்த வருஷங்கள்! அப்படியானால் மகாராஜாவே அவர் வேலையை மெச்சிக் கொடுத்த பட்டடை இது! எண்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை அரண்மனையின் தாராள மனசு என்று எடுத்துக்கொண்டேன்.

"அடிக்காதீங்கண்ணே! இது ராசா பட்டடை. மதிப்புப் போட்டு அரண்மனைக்கே வித்துருவோம்" என்றேன்.

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார். "நீ படிச்சவன் தம்பி. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த நல்ல மனசுதான் வினையாகப் போயிற்று. மேற்கு மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஏர்க் கொழுவைக் காய்ச்சி அடித்து வாங்க நிலம் வைத்திருந்த ஊர்ச் சம்சாரிகள் வந்து நின்றார்கள். அண்ணன் ஒரு கருங்கல்லில் வைத்து அடித்துப் பார்த்தார்; கல் பிளந்தது. பாதிப் பேர் வேறு கொல்லனைத் தேடிப் போனார்கள். அந்த ஒரு மாத வேலையில்தான் அண்ணன் குடும்பத்துக்கு வருஷச் சாப்பாடு. மதினி எனக்கு இரண்டாம் தடவை சோறு வைப்பதை நிறுத்திவிட்டாள்.

மிச்சமிருந்த ஒரு சம்சாரி கேட்டார்: "ஏன் ஆசாரி, ராசா எப்ப வந்து தூக்கிட்டுப் போவாக? மழ எறங்கிட்டா நான் வெறும் மரத்த வச்சா உழுவேன்?"

வண்டி கட்டிக்கொண்டு போய் ராவுத்தரை அழைத்துவந்தேன். வழி நெடுக அவர் வண்டி மாடுகளைத்தான் மதித்தார். இரண்டும் சேர்ந்து அரை எருமை என்று முடிவானதும் வண்டிக்காரர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பட்டறையில் ராவுத்தர் முதலில் வேட்டியைத் தொட்டார். "கால் எருமை" என்று அதை ஓரமாகப் போட்டார். பட்டடையைத் தட்டினார். "ஆசாரி, ஒரு அடி போடு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பெரிய மனது பண்ணித் தலையாட்டினேன். கணீரென்ற சத்தம் தெருக்கோடி வரை போயிற்று.

"சீமைச் சரக்கு. என் காதுக்குத் தப்பாது."

"திருவாங்கூர் ராசா கொடுத்தது. வருசமே வெட்டியிருக்கு, பாருங்க."

ராவுத்தர் குனிந்து பார்த்தார். சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று கரித்தொட்டியில் விழுந்தது.

"ஏலே குமாஸ்தா, இது வருசம் இல்லலே, எடை! தூத்துக்குடியில கப்பல்ல வந்து எறங்குற பட்டடை அம்புட்டுலயும் இப்படித்தான் வெட்டியிருப்பான். மொத நம்பரு அந்தரு, நூத்திப்பன்னெண்டு ராத்தலு. நடுவுல கால் அந்தரு, அது இங்க சைபரு. கடைசி ராத்தல். ஒரு அந்தரு இருபத்தோரு ராத்தல். இதுல ராசா எங்க வந்தாரு?"

வக்கீல் குமாஸ்தா அவ்வளவு எளிதில் விடுவானா? சாட்சி கேட்டேன். எதிரே பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. அங்கே பெரிய தராசு. சம்சாரிகள் மூச்சுப் பிடித்துத் தூக்கிவந்து ஏற்றினார்கள். இரண்டு ராத்தல் குறைந்தது.

நான் துள்ளினேன். "பாத்தீகளா! எடைன்னா சரியா நிக்கணும்லா? வருசமேதான்!"

அப்போது ராவுத்தர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பட்டடையின் மேல் வைத்தார். "தடவிப் பாரு. நடுவுல பள்ளம் விழுந்திருக்குல்லா? அந்த ரெண்டு ராத்தலு இங்கதாம்லே போயிருக்கு. உங்கப்பன் அடிச்சு அடிச்சுத் தேஞ்சது. நீ தின்ன சோறும் படிச்ச படிப்பும் பொறவு எங்கருந்து வந்துச்சுங்கிறே?"

உள்ளங்கை அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்பா ஏன் அதை எனக்கென்று சொல்லிவிட்டுப் போனார் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

"என்ன பெறும்?" என்று மெல்லக் கேட்டேன்.

"அடிச்சா நாலு எருமை. பட்டு போத்தி வச்சா, எருமை நின்ன எடத்துச் சாணி."

அண்ணன் வேட்டியை மடித்து என் தோளில் போட்டார். அன்றே உலை மூட்டினார்; நான் துருத்தி ஊதினேன். போன சம்சாரிகள் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார்கள். கடைசிக் கொழு போன பிறகுதான் மழை இறங்கியது. ராவுத்தர் கூலியாக ஒரு அரிவாள்மணையைத் தீட்டி வாங்கிக்கொண்டார், பீவியின் உத்தரவாம்.

சில வருஷம் கழித்து அவர் காலமானார். அடக்கத்துக்குப் போய்விட்டு, நேரே ராஜபாளையம் போய் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் பெரிய சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரே ஒரு அடி போட்டார். "அவியளுக்குக் கேக்கட்டும்" என்றார். சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்பாவை எனக்கு மறுபடி ஒருமுறை காட்டிய மனிதருக்கு உயிரோடு இருந்தபோது நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று, பட்டடைப் பள்ளத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கண் நிறைந்து வழிந்தது.

உலைக்குக் கரி கொண்டுவந்த மதினி பார்த்தாள்.

"கொழுந்தனாரே, அழுவுறதுன்னா செத்த தள்ளி நின்னு அழுவுங்க. இரும்பு துருப்பிடிச்சிரும்."