நடுநிலையார் செய்தி அளந்த படலம்

டம்! டம்! டடடம்! என்று ஆயிரம் முரசங்கள் ஒருசேர அதிர்ந்தாற்போல, முப்பத்திரண்டு அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஏழு மணிச் செய்தியின் முன்னிசை முழங்கிற்று. சுவரில் தொங்கிய நாட்காட்டி நடுங்கிற்று. மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளர் தன் மூடியோடு சேர்ந்து பல்லைக் கடித்தது. அந்தப் பேரொலி சன்னல் வழியே குதித்து, மாடிப்படி இறங்கி, தெருமுனைவரை ஓடி, அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கிய ஒருவனின் காதில் ஈட்டியாய்ப் பாய்ந்தது.

வாழ்க அவன்! முதுகில் மூன்று கிலோ புத்தகமும் நெஞ்சில் முப்பது கிலோ இலட்சியமும் சுமப்பவன். இடக்கால் செருப்பின் வார் அறுந்தபோதும் வலக்காலால் வையம் அளக்கத் துணிந்தவன். தொடர்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன். கல்லூரி எங்கும் ‘நடுநிலை’ என்ற விருதுப்பெயரால் அறியப்பட்டவன். அந்த விருது எளிதில் வந்ததன்று. டீயா காபியா என்று கேட்ட கேன்டீன்காரரிடம், இரண்டின் பக்கமும் உள்ள நியாயங்களை எடுத்துரைக்கத் தொடங்கி, மணி அடித்துவிட்டதால் இரண்டும் குடிக்காமலே வகுப்புக்குத் திரும்பிய நன்னாளில் நண்பர்கள் சூட்டியது அது. அவனும் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டான்.

அத்தகைய நடுநிலையான், “பிடிங்க, பிடிங்க, முன்னிசை முடியறதுக்குள்ள!” என்று யாரிடம் எதைப் பிடிக்கச் சொல்கிறோம் என்று தனக்கே தெரியாமல் கூவியபடி, இரண்டிரண்டு படியாகத் தாவி வீட்டுக்குள் புகுந்தான்.

“வந்துட்டாருய்யா நீதிபதி,” என்றார் அப்பா. “செருப்பைக் கழட்டிட்டுத் தீர்ப்பு சொல்லு.”

அவன் அன்று கடந்துவந்த களங்கள் கொஞ்சமல்ல. விடியலில் தன் சட்டையைத் துவைத்து, அது காய்வதற்குள் அதையே போட்டுக்கொண்டு கிளம்பி, எட்டு மணிப் பேருந்தில் நின்றபடி படித்து, வகுப்பில் உட்கார்ந்தபடி தூங்கி, மூன்று மணிக்கு ஜெராக்ஸ் கடையில் பகுதிநேர வேலையில் நுழைந்து, பிறர் எழுதிய அறிக்கைகளை எல்லாம் ஆறு மணிவரை நகலெடுத்து அடுக்கிக் கொடுத்து, தன் அறிக்கையில் மட்டும் தலைப்புக்குக் கீழே ஒரு வரியும் ஏற்றாத வள்ளல் அவன். அந்த அறிக்கை மறுநாள் காலை பத்து மணிக்குப் பேராசிரியையின் மேசையில் இருக்கவேண்டும்.

எல்லாம் ஒரு சபதத்தால் வந்த வினை. தேர்தல் அறிவித்த மறுநாள், நாற்பது பேர் நிறைந்த வகுப்பில் எழுந்து நின்று, “இந்தச் சேனல் சீப்புக் கட்சிக்குச் சாமரம் வீசுகிறது! வாளிக் கட்சியை இருட்டடிப்புச் செய்கிறது! பதினான்கு நாள் ஏழு மணிச் செய்தியை விநாடி விநாடியாக அளந்து இதை நிரூபிப்பேன்! நான் எக்கட்சியும் சாராதவன்!” என்று முழங்கியிருந்தான். கடைசி வாக்கியத்துக்கு மட்டும் பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

பேராசிரியை கைதட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு நிபந்தனை வைத்தார்: “ஒரு நாளாவது இன்னொருத்தர் உன்கூட உட்கார்ந்து தனியா அளக்கணும்ப்பா. ரெண்டு பேர் கணக்கும் பத்து விநாடிக்குள்ள ஒத்துப்போகணும். இல்லேன்னா அறிக்கையை நான் வாங்க மாட்டேன். அடுத்த வருஷம் திரும்ப இதே பேப்பர்தான்.”

பதின்மூன்று நாள் தன்னந்தனியாய்ப் போரிட்டாகிவிட்டது. சீப்புக்கு இரண்டு மணி பதினோரு நிமிடம். வாளிக்கு ஒரு மணி இரண்டு நிமிடம். ஒன்றுக்கு இரண்டு! அநீதி அவன் நோட்டில் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து கிடந்தது. எஞ்சியது பதினான்காம் நாளும், அந்த இரண்டாம் அளவையாளரும் மட்டுமே.

அவன் தன் படைக்கலங்களைப் பரப்பினான். இடக்கையில் விரிசல் விழுந்த கைப்பேசி. அதில் ஓடுவது சீப்பின் நேரம். வலக்கையில் விளையாட்டு ஆசிரியரிடம் மன்றாடி வாங்கிவந்த ஸ்டாப்வாட்ச். அதில் ஓடுவது வாளியின் நேரம். தலைவர் தோன்றினால் அமுக்கவேண்டும், மறைந்தால் அமுக்கவேண்டும். இரண்டு கட்டைவிரல் உள்ள எவரும் செய்யக்கூடிய வேலை என்று அவன் அடக்கமாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

எதிரே, பிளாஸ்டிக் நாற்காலி என்னும் சிம்மாசனத்தில் அப்பா வீற்றிருந்தார். குழாய் பழுதுபார்ப்பதே தொழிலாய்க் கொண்டு, நாளெல்லாம் வாளிகளோடு வாழ்ந்தும் வாளிக் கட்சியை மதியாதவர். தலையில் கடைசி முடியும் விடைபெற்றுப் பத்தாண்டு ஆனபின்னும் சீப்பைக் கைவிடாத கொள்கைக் குன்று.

அவருக்கு அருகில், தரையில் கால்நீட்டி அமர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் இரண்டாம் அளவையாளர். அவள் பெருமை சொல்லில் அடங்குமோ! பேருந்துப் பணிமனையின் நேரக் காப்பாளர். இருபத்திரண்டு ஆண்டுகளாக வாயிலில் ஒரு மரப்பெட்டி மேசைக்குப் பின்னால் அமர்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதித் தேய்ந்த விரலுடையாள். அவள் பேனா தூக்கினால் ஓட்டுநர்கள் பிரேக் போடுவார்கள். மகனுக்கு அவள் அம்மா.

“அம்மா, அந்தக் காயை வச்சிட்டு இதைக் கொஞ்சம் எழுதேன். உன் படிப்புக்கு இது சுலபம்.”

“என் படிப்புக்கா?” என்றாள் அம்மா. கத்தியைத் துடைத்து வைத்தாள். நாட்காட்டியின் பழைய தாள் ஒன்றைத் திருப்பி, நடுவே ஒரு கோடு கிழித்து, இரு பக்கமும் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று எழுதி, கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக்கொண்டாள். “ம். வண்டியை விடச் சொல்லு.”

மூண்டது போர்! திரையில் சீப்புத் தலைவர் தோன்றினார், கடலலைபோல் கையசைத்தார், நடுநிலையானின் இடக்கட்டைவிரல், இரைகண்ட பருந்தெனக் கைப்பேசிமேல் பாய்ந்தது. தலைவர் திறந்த வாகனத்தில் நின்று வாக்குறுதிகளை மழையாய்ப் பொழியப் பொழிய, நடுநிலையானின் நடுநிலை நெஞ்சு உலைக்களத் துருத்தியாய்ப் பொங்கிற்று. “போன மழைக்கு எங்க தெருவுல முழங்கால் தண்ணி நின்னப்ப எங்க போயிருந்தாரு இவரு? இன்னைக்கு வந்து கையாட்டுறாரு!” என்று தொடங்கியவன், உடைந்த சாலைகளை எடுத்தான், எரியாத விளக்குகளை எடுத்தான், அவர் மைத்துனரின் குத்தகையை எடுத்தான்.

“டேய், அந்தத் தண்ணியைப் போக வச்சதே நான்டா,” என்று அப்பா இடையில் பாய்ந்தார். “சாக்கடை அடைப்பை எடுத்தது நான். உன் வாளிக்காரன் வந்து மொண்டு ஊத்துனானா?”

“என் வாளிக்காரனா? அப்பா, நான் ஆய்வு செய்யறேன்.”

“நல்லா செய்யிறே.”

அம்மாவின் பென்சில் மட்டும் நிதானமாக நகர்ந்தது.

பிறகு வாளித் தலைவர் வந்தார். என்ன அமைதி அந்த முகத்தில்! புயலுக்குப்பின் தெளிந்த வானம்போல் அவர் பேசத் தொடங்கியதும், நடுநிலையான் அறுந்த செருப்பை மறந்தான், பசியை மறந்தான், தலை தானாக முன்னே நீண்டது, உதடுகள் லேசாகப் பிரிந்தன, பழுத்த இலை மரத்தைவிட்டு நழுவுவதுபோல், வலக்கை மெல்ல மடியில் இறங்கியது. ஒரு நல்ல வாக்கியத்துக்குத் தலையசைத்தான். இன்னொன்றுக்குக் கண் கலங்கினான். அதன்பின்பே திடுக்கிட்டு, “ஆ!” என்று ஸ்டாப்வாட்சை அமுக்கினான்.

இவ்வாறு எழுவர் வந்தனர், எழுவர் போயினர். கூட்டங்கள் திரண்டன, மாலைகள் விழுந்தன. ஏழரை மணிக்கு வானிலை அறிக்கை என்னும் வெண்கொடி பறந்து போர் நின்றது.

கணக்கு விரிக்கப்பட்டது. நடுநிலையானின் நோட்டில் சீப்புக்குப் பதினொரு நிமிடம் ஐம்பது விநாடி, வாளிக்கு நான்கு நிமிடம் ஐந்து விநாடி. நாட்காட்டித் தாளில் சீப்புக்கு ஆறு நாற்பது, வாளிக்கு ஆறு இருபத்தைந்து.

பத்து விநாடிக்குள் ஒத்துப்போகவேண்டிய இடத்தில் ஒரு பள்ளத்தாக்கே விழுந்திருந்தது. அதன் அடியில் அடுத்த ஆண்டும் அதே பாடத்தோடு உட்கார்ந்திருக்கும் தன் உருவம் அவனுக்குத் தெரிந்தது. சுற்றிலும் அவனைவிட ஒரு வயது குறைந்தவர்கள் ‘அண்ணா’ என்று கூப்பிட்டார்கள்.

முதலில் தேறியவர் அப்பா. “பதினொண்ணே முக்கால் நிமிஷமா எங்காளுக்கு? பரவாயில்லையே! நல்ல சேனல்டா. உன் கணக்குதான் சரி.”

தன் வாழ்நாளில் முதல்முறையாக அப்பா தன் பக்கம் நின்றதைக் கண்டு, நடுநிலையான் தன் கூட்டலை இன்னொருமுறை சரிபார்த்தான். ஆயினும் மாவீரன் எளிதில் மடங்குவதில்லை. அவன் எழுந்து நின்று, அறிவியலின் பெயராலும் ஊடக அறத்தின் பெயராலும் ஒரு பேருரை ஆற்றி, அதன் முடிவில் தொண்டையைச் செருமிக்கொண்டு உரைத்தான்: “உன் வாட்ச் மெதுவா ஓடுதும்மா.”

“இந்த வாட்ச்சைப் பாத்துத்தான் தினம் நூத்தி நாப்பது வண்டி கிளம்புது,” என்றாள் அம்மா, அவரைக்காயை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டு. “அதுல ஒண்ணுலதான் நீ காலேஜுக்குப் போறே.”

“அப்ப நீ கவனிக்கலை. அரசியல்ல உனக்கு ஆர்வமே இல்லை. அதான் விட்டுட்டே.”

“எனக்கு எந்தப் பஸ் மேலயும்தான் ஆர்வம் இல்லை.”

எட்டுத்திக்கும் அடைபட்ட கோட்டையில் சுரங்கவழி தேடும் மன்னனென, அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “அம்மா, உன் தாள்ல இந்த ஆறு நாப்பதை மட்டும்… பதினொண்ணு நாப்பத்தஞ்சுன்னு, அந்த ஆறு இருபத்தஞ்சை நாலு பத்துன்னு வச்சுக்கலாமா? பதின்மூணு நாள் உழைப்பும்மா. நான் வகுப்புல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். உண்மையை வெளிய கொண்டுவரத்தானே?”

“வச்சுக்கோயேன்,” என்றாள் அம்மா. “கீழே என் கையெழுத்து மட்டும் இருக்காது.”

அந்தக் கணத்தில், தான் சொன்ன வாக்கியத்தைத் தானே இன்னொருமுறை காதால் கேட்டான் நடுநிலையான். எத்தனை செய்தி ஆசிரியர்களைக் கற்பனையில் கூண்டிலேற்றி இதே வாக்கியத்துக்காக வெளுத்து வாங்கியிருக்கிறான்! காது சிவந்தது. திருத்துவதற்காக எடுத்திருந்த பென்சிலைக் கீழே வைத்தான். வைத்த சத்தத்தை மறைப்பதற்காக இருமினான்.

“எட்டு மணிக்கு அதே செய்தியைத் திரும்பப் போடுவான்,” என்றாள் அம்மா. “இன்னொரு நடை அளந்துடு. அப்பத்தான் நான் சாம்பார் வைக்க முடியும்.”

மறுவாய்ப்பு! வீழ்ந்த வேழம் எழுந்தது. முகம் கழுவினான், நாற்காலியைத் திரைக்கு நேராக நகர்த்தினான், கைப்பேசியைத் துடைத்தான், ஸ்டாப்வாட்சைப் பூச்சியமாக்கினான். இம்முறை ஒரு விநாடியும் தப்பாது, ஒரு சொல்லும் தன்னை அசைக்காது, தானே தராசு, தானே முள் என்று மூன்றுமுறை தனக்குள் சொல்லி முதுகை நிமிர்த்தினான். அம்மா இம்முறை தாளைத் தொடவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, திரையை விட்டுவிட்டு அவன் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் எதற்கோ காத்திருப்பவர்போல் ரிமோட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

முரசதிர்ந்தது. சீப்புத் தலைவர் மீண்டும் அதே வாகனத்தில் அதே கையை அசைத்தார்; கட்டைவிரல் மின்னலென இறங்கிற்று, பிழையில்லை, விநாடி பிசகவில்லை; பதின்மூன்று நாள் தவமும் அடுத்த ஆண்டுப் பாடமும் நாற்பது பேரின் சிரிப்பும் அந்த ஒற்றை விரல்நுனியில் வந்து நிற்க, நடுநிலையான் பல்லைக் கடித்து, மூச்சடக்கி, மலையென அசையாதிருந்து, அசையாதிருந்து, “ஆனா பாருங்க, இந்தக் கைதானே அந்தக் குத்தகையில கையெழுத்துப் போட்டது!” என்று வெடித்து எழுந்து, உடைந்த சாலைகளின் சார்பாகவும் எரியாத விளக்குகளின் சார்பாகவும், முழங்கால் நீரில் நனைந்த தன் ஒரே நல்ல காற்சட்டையின் சார்பாகவும் வாளை உருவி, அப்பாவின் வழுக்கை என்னும் கேடயத்தின்மீது சொல்லம்புகளைச் சரஞ்சரமாய் எய்து, அறம் வெல்லும், அளவை வெல்லும், நடுநிலை என்றென்றும் வெல்லும் என்று கைப்பேசி ஏந்திய இடக்கையை வெற்றிக்கொடியென வானுக்கு உயர்த்தி நின்றபோது, அம்மா சொன்னாள்:

“டேய், சீப்புக்காரர் போயி ரெண்டு நிமிஷமாச்சு, பிஸ்கட் விளம்பரம் ஓடுது, நீ இன்னும் போனை அமுக்கலை.”