மாட்டாஸ்பத்திரியைத் திறந்து வைத்தவர்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பத்திரிகை ஆசிரியர் பொறுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராததால்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு மந்திரிகள் எல்லாரும் சேர்ந்து திறந்த கட்டடங்களைவிட எங்கள் 'திறப்புவிழா' திறந்தவை அதிகம். மந்திரிகள் திறந்தவை மறுநாளே பூட்டிக்கொண்டன. இவர் திறந்தவற்றில் ஆள் இருந்தது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. நீடாமங்கலம் பக்கம் எந்தக் கட்சி விழா நடந்தாலும் பந்தல் போட்டுத் தோரணம் கட்டுவது அவர் தொழில். விழா முடிந்ததும் மிச்ச ரிப்பனையும் கத்திரியையும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

அப்போது எங்கள் ஊரில் அரசாங்கக் கட்டடங்களுக்குக் குறைவில்லை. விதை வராத விதைக்கிடங்கு, புத்தகம் வராத படிப்பகம், டாக்டர் வராத மாட்டாஸ்பத்திரி. ஆட்சி மாறினால் சுவரின் வண்ணம் மாறும். பூட்டு மாறாது.

படிப்பகத்தில் முடிவெட்டுகிறவரைக் குடிவைத்து ரிப்பன் வெட்டினார். அவர் கடைக்குத் தினம் பேப்பர் வரும் என்பதால் அந்தக் கட்டடத்தில் முதல்முறையாக யாரோ எதையோ படித்தார்கள். விதைக்கிடங்கைத் தவில்காரருக்குக் கொடுத்தார். அவர் சாதகம் பண்ணிய ஒரே வாரத்தில் எலிகள் மன்னார்குடிக்குக் குடிபோய்விட்டன.

"யாரக் கேட்டு தொறந்தீரு?" என்று தலையாரி அதட்டினால், "கட்டுறது அவங்க வேல. தொறக்குறது நம்ம வேல. பூட்டுறதுக்கு மட்டும்தான்யா ஆள் சம்பளம் வாங்குறான்" என்பார்.

ஒரு வருஷம் குறுவை அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டோம். தன் மனையில் குடியிருந்துகொண்டு தன்னிடமே கேட்பதா என்று மிராசுதார் எங்கள் ஐந்து குடிசைகளையும் பிரித்து, கீற்றை வாய்க்காலில் போடச் சொல்லிவிட்டார். ஐப்பசி மழை. என் மனைவிக்கு நிறைமாதம். மரத்தடியில் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திறப்புவிழா வந்து பார்த்தார். நேராகப் போய் மாட்டாஸ்பத்திரிப் பூட்டைக் கல்லால் தட்டினார். "உள்ள போம்மா. மாட்டுக்குக் கட்டுனதுதான், ஆனா ஒழுகாது" என்றார்.

மறுநாள் காலை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தலையாரியோடு வருகிறார் என்று செய்தி வந்தது. திறப்புவிழாவிடம் ஓடினேன். "அண்ணே, வெளியில தள்ளுனா இவள எங்க கொண்டுபோவேன்?" என்றேன்.

"சும்மா நில்லு. நீ பேசவே வேணாம். அது உனக்கு நல்லா வரும்" என்றார்.

ஜீப் வந்து நின்றபோது வாசலில் வாழைமரம், குறுக்கே சிவப்பு ரிப்பன். உள்ளே தவில்காரர் முழக்கினார். இன்ஸ்பெக்டர் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது.

"எந்த உத்தரவுல இவங்க உள்ள..."

"உத்தரவு அப்பறம் சார். நல்ல நேரம் போயிடும். இந்தாங்க" என்று தாம்பாளத்தில் கத்திரியை நீட்டினார் திறப்புவிழா.

அந்த இன்ஸ்பெக்டர் எத்தனையோ விழாக்களில் மந்திரிகளுக்குப் பின்னால் தாம்பாளம் ஏந்தி நின்றவர். கத்திரியை எடுங்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. கூட்டத்தைப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். வெட்டினார். நாங்கள் கை தட்டினோம். மழையில் நின்று கால்மணி நேரம் பேசவும் செய்தார். ஏழைகளின் துயர் துடைக்கும் அரசு என்று அவர் சொன்னபோது தலையாரிக்கே கண் கலங்கியது.

சாயங்காலம் மிராசுதாரின் காரியக்காரர் போய்க் கத்தினாராம். "நானே தொறந்து வச்சதுய்யா. நானே எப்படி மூடுறது?" என்றாராம் இன்ஸ்பெக்டர். 'கட்டடம் பயன்பாட்டில் உள்ளது' என்று மேலே எழுதியும் அனுப்பிவிட்டார். அவர் எழுதியதில் அது ஒன்றுதான் நிஜம் என்பார் திறப்புவிழா.

நாலாம் நாள், மாட்டுக்குப் போட்ட சிமெண்ட் மேடையில் என் மகள் பிறந்தாள்.

பிறகு மனைப்பட்டா கிடைத்து ஓட்டுவீடு கட்டினோம். நிலைப்படியில் ரிப்பன் கட்டி அவரைத்தான் கூப்பிட்டோம். ஊரெல்லாம் குடிவைத்த மனிதருக்குத் தங்க ஓர் இடமில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முன்னறையில் இருங்கள் என்று என் மனைவி சொன்னாள். "அரசாங்கக் கட்டடமா இல்லியேம்மா, சரிப்படுமா?" என்று கேட்டுக்கொண்டே துணிமூட்டையை உள்ளே வைத்தார்.

போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. நாங்கள் பூட்டவில்லை.

தை பதினொன்று, வெள்ளிக்கிழமை.