முப்பத்தேழு டிகிரி

ஏசி மெக்கானிக் மைக்ராஸ்கோப்பில் இன்னொரு தடவை பார்த்தார். ஒன்றுமே இல்லை. நேற்று வரை கறுகறுவென்று நெளிந்துகொண்டிருந்த மனைவியின் செல்கள் மொத்தமாகக் காணாமல் போயிருந்தன.

அவளுடைய மூன்று வருஷ ஆராய்ச்சி. மூன்றே நாளில் முடித்துவிட்டார்.

மனைவிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டே, "லேபுக்குப் போய் என் செல்லுக்குச் சாப்பாடு மாத்தணுங்க. போறீங்களா?" என்று கேட்டாள். தன் செல்களை யாரையும் தொடவிடாதவள் அவள். அவருக்குக் காலர் தானாகத் தூக்கிக்கொண்டது.

"லேப்ல ரிப்பேருக்குக் கூப்பிட்டா ஞாயித்துக்கிழமை வரேன், ஞாயித்துக்கிழமை வரேன்னு ரெண்டு வருஷம் ஓட்டிட்டீங்க. இதுலயாவது ஏமாத்திடாதீங்க. ஸ்டெம் செல்லுன்னா என்னன்னு தெரியுமா?"

"சொல்லு."

"என்னவா ஆகணும்னு இன்னும் முடிவு பண்ணாத செல். இதயமாகலாம், எலும்பாகலாம், தோலாகலாம்."

"உன் தம்பி மாதிரி."

"அவனை ஏன் இழுக்கறீங்க? நல்லா கவனிச்சா ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். மத்த செல்லெல்லாம் கொஞ்ச தடவை பிரிஞ்சதும் வயசாகி நின்னுடும். இது நிக்காது. ஆனா கவனிக்காம விட்டா, அது பாட்டுக்கு எதுவாவது ஆயிடும்."

"அப்ப உன் தம்பியேதான்."

முதல் நாள், அவள் பேர் எழுதிய கண்ணாடித் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தார். உடனே போன் போட்டார்.

"கறுப்பா, நீளமா, வளைஞ்சு வளைஞ்சு இருக்கு. நான் கண்ணைச் சிமிட்டினா அதுவும் ஆடுது. என்னை அடையாளம் தெரிஞ்சுடுச்சு போல."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நீளமான இருமல்.

"நல்லா வளருதுங்க," என்றாள்.

தட்டைத் திரும்ப, செல் வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரில் வைக்கும்போதுதான் அதில் 37 என்று எரிவதைப் பார்த்தார். பச்சைப் பிள்ளைகளை இப்படியா வேகவைப்பது? வீட்டு ஏசிக்கு வைக்கிற மாதிரி 24 வைத்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தால் ஜில்லென்றிருந்தது. தன் கை பட்டதுமே ஆறிவிட்டதே என்று விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

இரண்டாம் நாள் அதையும் பெருமையாகப் போனில் சொன்னார்.

"முப்பத்தேழு நம்ம உடம்புச் சூடுங்க. குளிர்ல எப்படி வளரும்?"

ஓடிப்போய் 37 வைத்தார். கையை விட்டார். ஜில். 45 வைத்தார். அப்போதும் ஜில்.

மூன்றாம் நாள், இன்னும் தெளிவாகப் பார்க்கலாமென்று மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதுதான் செல்கள் காணாமல் போனது தெரிந்தது.

பசியாயிருக்குமோ என்று பாட்டிலில் இருந்த ரோஸ் நிறச் சாப்பாட்டை முழுசாக ஊற்றினார். தட்டு நிரம்பி, மேஜை நனைந்து, அவர் பேன்ட்டில் வழிந்தது. ஒரு செல்கூடத் திரும்பி வரவில்லை.

கடைசியில் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து இன்குபேட்டரின் முதுகைப் பிரித்தார். உள்ளே ஒரு ஒயர் கருகிக் கிடந்தது. நாற்பத்தைந்து வைத்துத் தானே கருக்கிவிட்டதாக நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். பையிலிருந்து வேறு ஒயர் எடுத்து மாற்றி, திரும்ப 37 வைத்தார். பெட்டி உறுமியது. உள்ளே மெல்லச் சூடு பரவியது.

யாருக்கு இனி அந்தச் சூடு? ஸ்டூலில் உட்கார்ந்து, மனைவியிடம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தார். "ஏம்மா, உன் செல்லு..." திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்.

லேபைத் துடைக்கும் அக்கா மாப்போடு உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். அவர் பேன்ட்டைப் பார்த்தார்.

"என்ன சார் இது கோலம்?"

"அவ செல்லையெல்லாம் கொன்னுட்டேன்க்கா. நேத்து வரைக்கும் கறுப்பா நெளிஞ்சுக்கிட்டிருந்துச்சு. இன்னைக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தா ஒண்ணுகூட இல்லை."

"கறுப்பா நெளிஞ்சுச்சா? அது உங்க கண்ணிமை முடி சார். புதுசா பார்க்கறவங்க எல்லாருக்கும் முதல்ல அதுதான் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவையும் மைக்ராஸ்கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா இன்குபேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, சூடாயிடுச்சே. அந்தத் தட்டுல வெறும் ரோஸ் தண்ணிதான் சார், மேடத்தோட செல்லெல்லாம் பக்கத்து ரூம்ல பத்திரமா இருக்கு. 'ரிப்பேர்னு சொன்னா ரெண்டு வருஷமானாலும் வரமாட்டார், என் செல்லு போச்சுன்னு நினைச்சா மூணே நாள்ல பெட்டியைப் பிரிச்சுடுவார்'னு அவங்க அன்னைக்கே சொன்னாங்க."